தோணிக்காரரின் வேலையில்லாப் படி

1908ஆம் வருஷம் ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், பூதலிங்கத்தின் தோணி ஆற்றை விட்டுக் கரையேறி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி அவர் பின்னால் வந்தது. அன்று மேற்குக் காற்று பலமாக இருந்தது. தோப்புகளில் வாழை இலைகள் நாராய்க் கிழிந்து தொங்கின. தோணி இலுப்பை மரத்தில் செய்தது, பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். காற்றுக்கு அது கொஞ்சமும் ஆடவில்லை. பூதலிங்கம் நின்றால் நின்றது, நடந்தால் வந்தது. அவர் வெகுநேரம் அதைக் கவனிக்கவே இல்லை. ஏழு மைலுக்கு அப்பாலிருந்த தாலுகா கச்சேரியில் வாய் திறந்து சொல்ல வேண்டிய மூன்று சொற்கள்தான் அவர் மனமெல்லாம் நிறைந்திருந்தன.

ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கிழக்கே தாமிரபரணி வளைகிற இடத்தில் இருந்தது மணல்துறை. அங்கே இருபத்திரண்டு வருஷம் பூதலிங்கம் தோணி விட்டார். மாப்பிள்ளைகளையும் பிணங்களையும், ஒரு தடவை ஒரு வண்டிமாட்டையும் அக்கரை சேர்த்திருக்கிறார். அந்த வருஷம் தை மாதம் துறைக்கு நேராகப் பாலம் திறந்தது. மறுநாளே தோணியில் ஏற ஆளில்லை. சர்க்கார் அவரை மறந்துவிடவில்லை. துறையை இழந்த தோணிக்காரருக்கு வேறு பிழைப்புக் கிடைக்கும் வரை மாதம் ஐந்து மரக்கால் அரிசி என்று உத்தரவு வந்தது. அதற்கு வேலையில்லாப் படி என்று பெயர். வாங்குகிறவர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நேரில் வந்து, எனக்கு வேலை இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொள்ள வேண்டும்.

வைகாசியில் பூதலிங்கம் ஒரு தடவை போயிருந்தார். குமாஸ்தா தேவசிகாமணி பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒரு வரி எழுதியதில்லை, நடந்த ஒன்றை எழுதாமல் விட்டதுமில்லை.

"வே, வேலை இல்லைன்னு உம்ம வாயால சொல்லும். நான் எழுதிக்கிடுதேன்."

"ஐயா, பாலம் கட்டியாச்சு. எல்லாரும் அதுலதான் போறாவ."

"அது எனக்குத் தெரியும்வே. நீர் சொல்லணும்லா."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். கடா மாதிரி உடம்பு, நெஞ்சு நிறைய மூச்சு. சொல் மட்டும் வரவில்லை. இரண்டு கையும் சரியாக இருக்கும்போது அப்படிச் சொல்வது, உயிரோடு நின்றுகொண்டு செத்துவிட்டேன் என்பதுபோல் இருந்தது அவருக்கு. பொழுது சாயும் வரை நின்றுவிட்டு வெறும் சாக்கோடு வீடு திரும்பினார். அவர் மனைவி பாலம்மாள் பானையில் கைவிட்டுத் துழாவிக் காட்டினாள். நடவுக்கு ஆற்றில் தண்ணீர் விட இன்னும் நாளிருந்தது. அதுவரை அவளுக்கும் வயலில் வேலையில்லை, வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"அந்த மூணு சொல்லைச் சொன்னா நாக்கு அழுகியா போயிரும்? அடுத்த மாசம் போயிச் சொல்லிட்டு அரிசியோட வாங்க. இல்லைன்னா நானே வந்து, இந்த மனுசனுக்கு வேலை இல்லைன்னு ஊரு கேக்கச் சொல்லுதேன்" என்றாள்.

அப்படித்தான் ஆனி மாதம் அவர் கிளம்பினார், தோணியும் கிளம்பியது. பாலத்தின் நடுவில் எதிரே வந்த வண்டிக்காரன் மாட்டை ஓரம் பிடித்து வழிவிட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார். "போ, துறைக்குப் போ" என்று கன்றுக்குட்டியை விரட்டுவதுபோல் கையை வீசினார். தோணி போகவில்லை. பாலத்தின் அக்கரையில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு மஹ்மூதா பீவி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், இங்கே மகள் வீட்டில் தங்கியிருந்தார். சர்க்கார் கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன புருஷனுக்குரிய பென்ஷனைக் கேட்டு அது அவருக்குப் பதினோராவது நடை.

"தம்பி, தோணி கச்சேரிக்கா போவுது?"

"இல்ல உம்மா. நான்தான் போறேன். இது சும்மா பின்னால வருது."

"சும்மா வாற தோணியில நானும் சும்மா வாறேன்" என்று பீவி விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஆள் ஏறிய தோணியை வெறுமனே நடத்திக்கொண்டு போகப் பூதலிங்கத்துக்கு மனம் வரவில்லை. உள்ளே கிடந்த கழியை எடுத்து, பின்முனையில் ஏறி நின்று, செம்மண்ணில் ஊன்றித் தள்ளினார். தோணி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த தோள்கள் இரண்டும் திறந்துகொண்டன. வழியில் நிலத் தகராறுக்குப் போகிற இருவர் ஏறினார்கள். வாழைத்தார் கொண்டுபோனவர், வலி கண்ட மகளைக் கச்சேரியை அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தாய், கிறிஸ்தவ உபதேசியார் ஒருவர் என்று கச்சேரி வாசலைத் தொடும்போது ஏழு பேர் இருந்தார்கள். பூதலிங்கம் தோணியைப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குமாஸ்தா முன்னால் நின்று சிரித்த முகமாகச் சொன்னார்: "எனக்கு வேலை இல்லை ஐயா." சொல் தானாக வந்துவிட்டது.

தேவசிகாமணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அது என்னதுவே?"

"தோணி ஐயா."

"கழி பிடிச்சு வந்தீரோ?"

பூதலிங்கத்துக்குப் பொய் வராது. "பிடிச்சேன்" என்றார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். தோணிக்காரன் ஆளேற்றிக் கழி பிடித்தால் அது தோணி வேலை. வேலையுள்ளவருக்குப் படி கிடையாது. அன்றைக்குக் காரியம் முடிந்தது பீவிக்கு மட்டும்தான். அவர் உயிரோடிருக்கிறார் என்று சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று பத்து நடையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது தோணியில் வந்தவர்கள் வரிசையாக நின்று, இந்த அம்மாள் வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாலையே பென்ஷன் மஞ்சூர் ஆயிற்று.

அடுத்த மூன்று மாதம் பூதலிங்கத்தின் விஷயம் காகிதமாக மேலே போய்க் காகிதமாகக் கீழே வந்தது. மேலே இருந்தவர்கள் தோணி எப்படித் தரையில் வருகிறது என்று கேட்கவில்லை. அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், கூலி உண்டா என்றுதான் கேட்டார்கள். கூலி இல்லை. ஒரு வெற்றிலை வாங்கினாலும் பிழைப்பு என்றாகிவிடும் என்று பயந்து அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஊரெல்லாம் தோணியில் சிரித்துப் பேசிப் போய்வந்தது. பாலம்மாள் நடவுக்குப் போய்க் கொண்டுவந்த நெல்லில் அரை வயிற்றுக் கஞ்சி நடந்தது.

"தோணியைக் கட்டிப்போட்டுட்டு ஒரே ஒரு நாள் நடந்து போங்க. வாங்கிட்டு வந்து அவுத்துவிடுங்க" என்றாள் அவள்.

புரட்டாசியில் அவர் துறையில் ஆளுயர முளை அடித்து, புதுக் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றித் தோணியைக் கட்டினார். கட்டும்போது அதன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மைல் நடந்திருப்பார். பின்னால் தரதரவென்று சத்தம். முளையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு தோணி வந்தது, உள்ளே மஹ்மூதா பீவியும் வேறு பதினாறு பேரும். பென்ஷன் கிடைத்த பின்னும் பீவி மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கச்சேரிக்குப் போய்ப் பழகிவிட்டது என்றார்.

பூதலிங்கம் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உம்மா, இது என்னைய வாழவிடாது போலுக்கே."

"அழாத தம்பி. கழியை எடு. நான் அந்தக் குமாஸ்தாவைக் கேக்கேன்."

பீவி கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "தோணி வேலைன்னா என்னன்னு உங்க பொஸ்தகத்துல எழுதியிருக்கா மவனே?" என்றார்.

தேவசிகாமணிக்கு முகம் சிவந்தது. எழுதியிருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லை. தோணி வேலை என்றால் யாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். உடனே எழுந்து அலமாரியிலிருந்து துறைச் சட்டத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் எழவில்லை. வெளியே பதினேழு பேரும் புங்கமர நிழலில் காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு அவர் புத்தகத்தில் விரலை வைத்தபடியே வாசலுக்கு ஓடிவந்தார். வெள்ளைக் கோட்டோடு மண்ணில் முழங்காலிட்டு, தோணிக்கு அடியில் கையை விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார். கையை வெயிலில் விரித்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்லை வே!" என்று கத்தினார். "தோணி வேலைன்னா தண்ணியில மிதக்கிற தோணியில ஆளேத்திக் கொண்டுபோறதுன்னு போட்டிருக்கு. இதுல தண்ணியே இல்லையே! உமக்கு வேலை இல்லை வே பூதலிங்கம், வேலையே இல்லை!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரு மனிதனுக்கு வேலையில்லை என்பதற்காக ஊர் அப்படிச் சந்தோஷப்பட்டதை அந்தக் கச்சேரி அதற்கு முன் கண்டதில்லை. விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து அளந்து போட்டார்கள். பாலம்மாள் அன்று சாயங்காலம் தோணியிலிருந்து இறங்கிய மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பானை நிறையச் சோறு பொங்கி, வந்தவர் அத்தனை பேரையும் உட்கார வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு சிக்கல் வந்தது. மழை பிடித்து, குளங்கள் உடைந்து, கச்சேரிச் சாலையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. தண்ணீரில் மிதந்து தோணி வந்தால் சட்டப்படி அது வேலைதான். தேவசிகாமணி குடையோடு வாசலில் நின்று, வரக்கூடாதே என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். தோணி வந்தது. தண்ணீருக்கும் மேலே ஒரு சாண் உயர்ந்து, அடி நனையாமல் வந்தது. உள்ளே வெள்ளத்தில் வீடிழந்த இரண்டு குடும்பங்களும் அவர்களுடைய ஆடுகளும் இருந்தன. குமாஸ்தா தண்ணீரில் இறங்கி, வழக்கம்போல் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு" என்று எழுதினார். 

வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் நால்வரும் வளர்ந்தார்கள், மூத்தவளைத் தோணியில் வைத்தே புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கச்சேரியில் வண்டி நிற்க ஓரிடம், குதிரை நிற்க ஓரிடம், தோணி நிற்க ஓரிடம் என்று கல் நட்டார்கள். அந்த ஆற்றங்கரையில் பூதலிங்கத்தைப் போல் உழைத்தவர் கிடையாது. சர்க்கார் ஏட்டில் அவரைப் போல் நெடுங்காலம் வேலையில்லாமல் இருந்தவரும் கிடையாது. 1916இல் தேவசிகாமணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக வேதநாயகம் என்ற புதுக் குமாஸ்தா வந்த முதல் திங்கட்கிழமை, ஏட்டைப் புரட்டிப் பெயரைக் கூப்பிட்டார்.

"வேலை ஏதும் உண்டா?"

"எனக்கு வேலை இல்லை ஐயா."

வெளியே நாற்பது குரல்கள், "அண்ணாச்சி, சட்டுன்னு சொல்லிட்டு வாங்க, நேரமாச்சு" என்று கூப்பிட்டன. வேதநாயகம் ஜன்னல் வழியாகத் தோணியைப் பார்த்தார். குனிந்து, இல்லை என்று எழுதி மை ஒற்றினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை கூடவே வந்து, தான் ஆழ்வார்திருநகரி வரைக்கும் போக வேண்டும், இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டார்.