கவிழத் தெரிந்த படகு

ஓய்வு பெறும்வரை நாற்காலித் தொழிற்சாலையில் எனக்குச் சோதனை வேலை. நான் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து, ஆடாதது மட்டுமே வெளியே போகும். நாட்டில் பாதிப் பேர் என் பின்புறத்தின் தயவில்தான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் படகுக் கடையில் மகளை ஓரமாக நிற்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு காட்டாற்றில் கயாக் விட எனக்குக் கொள்ளை ஆசை. இடுப்புவரை நுழைந்து உட்காரும் ஒற்றையாள் படகு அது. அவள் நிபந்தனை ஒன்றே ஒன்று.

“கவுந்தா உள்ள இருந்தபடியே நிமித்தணும். முடியலன்னா கரையில நின்னு கையாட்டுங்க.”

கடையிலேயே அகலமானதைப் பிடித்தேன். ஒரு கல்யாண கோஷ்டியையே ஏற்றலாம். ஆட்டினேன், மலை மாதிரி இருந்தது.

“அப்பா, இது சோஃபா.”

“உக்கார்ற சமாச்சாரத்தை எங்கிட்ட விடும்மா.”

“சரி, கவுந்து காட்டுங்க. முடிஞ்சா.”

கடைக்குப் பின்னால் சோதனைக் குளம். கவிழ்வதற்கே படாதபாடு பட்டேன். கவிழ்ந்த பிறகுதான் விளங்கியது, தலைகீழாகவும் அது ஆடாத நாற்காலியே. நிமிர்த்தலாமென்று இடுப்பை வெட்டித் திருப்பினால் டப்பாவுக்குள் நெல்லிக்காயாக நான் மட்டும் உருண்டேன். படகு அசைந்து கொடுக்கவில்லை. வெளியே நழுவி விழுந்து, குளத்தில் முக்கால்வாசியைக் குடித்த பிறகு மகள் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

“நல்லா உறுதியா இருக்கா?”

“ரொம்ப.”

அவள் எடுத்துத் தந்தது ஒல்லியானது, விளிம்பெல்லாம் உருண்டையானது. என் இடுப்புக்கு இருபுறமும் ஸ்பாஞ்சு செருகி இறுக்கினாள்.

“படகு பேன்ட் மாதிரி பிடிக்கணும்ப்பா. நீங்க திரும்பினா அதுவும் திரும்பணும். நிமிரும்போது முதல்ல இடுப்பு, தலை கடைசில.”

மூச்சு விட்டேன், கவிழ்ந்தது. அவசரப்பட்டுத் தலையைத் தூக்கித் தூக்கி, அவள் கை வலிக்கும்வரை என்னை நிமிர்த்த வைத்தேன். அப்புறம் ஒருமுறை சும்மா தொங்கினேன். சத்தமே இல்லை. காலுக்கு மேலே வெளிச்சம் நெளிந்தது. துடுப்பை வீசினேன். கை நிறையச் சாமான் இருக்கும்போது இடுப்பால் கதவை இடிப்போமே, அப்படி ஒரு சின்ன இடி. படகு கூடவே வந்தது. மொத்த உலகமும் உருண்டு வந்து நேராக நின்றது. அத்தனை வருஷம் தலைக்கு மேலேயே இருந்த வானம் அவ்வளவு பெரியது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

“ஞாயித்துக்கிழம வாங்க,” என்றாள் மகள், “ஆனா எம் பின்னாடியே...”

மிச்சம் கேட்கவில்லை. நான் மறுபடி தலைகீழாக இருந்தேன்.