முன்னாடி கட்டு

என் அண்ணனுக்குப் படம் பார்க்கத் தெரியாது. எந்தப் படத்தைப் போட்டாலும் அவன் கண் ஜன்னலுக்குத்தான் போகும். கதாநாயகி உயிரை விட்டுக்கொண்டிருப்பாள், இவனோ, கண்ணாடியை மெல்லிசாகப் போட்டிருக்கிறான் பார், காற்றடித்தால் அவ்வளவுதான் என்பான். கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவன் தொழில். ஊரில் பாதி ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டவன் அவன்; மீதிப் பாதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பான். இந்த வாயை வீணாக்குவானேன் என்றுதான் நான் சேனல் ஆரம்பித்தேன். அவன் வீட்டு சோபாவில் இருவரும் உட்கார்ந்து படம் பார்ப்போம். எதிரே ஸ்டாண்டில் நிற்கும் போன் எங்கள் முகங்களைப் படம் பிடிக்கும். அதை நான் வெட்டி ஒட்டி இருபது நிமிஷமாக்கிப் போடுவேன். நான் அழுமூஞ்சி, அவன் கல்லுளிமங்கன். அந்தப் பொருத்தத்துக்காகவே ஜனங்கள் பார்த்தார்கள்.

முதல் ரசிகை அம்மா. அண்ணனோடுதான் இருக்கிறாள். வீடியோ வந்த அடுத்த நிமிஷமே பார்த்துவிட்டு, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு உட்காரக் கூடாதா என்று எனக்கு போன் செய்வாள். அவள் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: யுத்தப் படம் மட்டும் வேண்டாம். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. நாங்களே ஒரு யுத்தத்திலிருந்து ஓடிவந்தவர்கள்தான்.

அப்போது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு மாதம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள். நாலு வயசு, குட்டி என்று கூப்பிடுவார்களாம். அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அம்மா என்னை மார்போடு கட்டிக்கொண்டாள், அண்ணன் குட்டியைத் தூக்கிக்கொண்டான், மூன்று நாள் நடந்தார்கள். வழியில் காய்ச்சல் கண்டு குட்டி செத்துப்போனாள். எங்கள் வீட்டில் இந்தக் கதை இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரி கேட்டால் அம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு வருஷமாக எங்கள் ரசிகர்கள் ஒரே படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கார்ட்டூன் படம்தான், ஆனால் குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டக் கூடியதில்லை. குண்டு விழுந்த ஊரிலிருந்து ஓர் அக்கா தன் சின்னத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகப் பார்க்கிறாள், அதுதான் கதை. இதைப் பார்த்து அழாதவன் மனுஷனே இல்லை என்று எழுதினார்கள். உங்கள் அண்ணனை அழ வைத்துக் காட்டுங்கள், அக்கா, என்று சவால் விட்டார்கள். போன மாதம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று பெரியம்மா வீட்டில் போய்த் தங்கினாள். இரண்டு வாரத்துக்கு போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம். அண்ணன் வேண்டாம் என்றான், இரண்டு தடவை சொன்னான். நான்தான் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். படத்தில் முதல் குண்டு விழுந்ததும் தெரு முழுக்க ஜன்னல்கள் நொறுங்கின. இந்த ஊரில் எனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கிறது என்றான் அண்ணன். எனக்கு அப்போதே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. பிறகு அந்தப் பெண் ஒரு பழைய போர்வையை எடுத்தாள், தம்பியை முதுகில் ஏற்றினாள், போர்வையைச் சுற்றி வயிற்றில் முடிச்சுப் போட்டாள்.

அண்ணன் சோபாவின் நுனிக்கு வந்தான். "முதுகுல வேண்டாம்" என்றான். யாரோ பக்கத்தில் நிற்பதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னான். "முன்னாடி கட்டு. முதுகுல வேண்டாம் பாப்பா, முன்னாடி கட்டு."

நான் முழங்கையால் இடித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், போனைப் பார்த்தான், சிரிக்க ஆரம்பித்தான். பல் முழுக்கத் தெரிய அரை நிமிஷம் சிரித்தான். தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போனவன் படம் முடிகிறவரை வரவில்லை. அந்தத் தம்பி ஆற்றங்கரையில் இறந்தபோது நான் தனியாகத்தான் அழுதேன்.

எனக்கு அவன் மேல் கெட்ட கோபம். ஒரு குழந்தை சாகிற படத்தில் இளிக்கிறானே, இவனுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளை எதற்கு என்று அண்ணியிடமே கேட்டேன். அந்தக் கோபத்தோடு எடிட் செய்ய உட்கார்ந்தேன். அவன் சிரித்த இடத்தில் முகத்தை மெதுவாகப் பெரிதாக்கினேன். கூட்டம் சிரிக்கிற சத்தம் ஒன்று வைத்திருந்தேன், அதைப் பின்னால் ஓடவிட்டேன். கல்நெஞ்ச அண்ணன் என்று தலைப்புப் போட்டேன். இதை எழுதும்போதும் என் கையை நானே வெட்டிப்போடலாம் என்றுதான் இருக்கிறது.

எங்கள் வீடியோ எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. ஒருத்தி எட்டாவது நிமிஷத்திலேயே தலையணை உறை நனைந்துவிட்டது என்று எழுதினாள். ஒருவர் படம் முடிந்ததும் தூங்குகிற தன் பிள்ளையைப் போய் எழுப்பி முத்தம் கொடுத்தாராம், பிள்ளை அழுததாம், அதற்கு மனைவி திட்டினாளாம். பாதிப் பேர் இப்படி. மீதிப் பேர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். இவன் நெஞ்சில் இருப்பது ரத்தமா சிமென்ட்டா என்றார்கள். இவன் பெற்ற பிள்ளைகளை நினைத்தால்தான் அழுகை வருகிறது என்று எழுதிய ஒருத்தரை நான் மேலே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். அடுத்த நாள் அவன் சொன்ன வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து விளையாட ஆரம்பித்தார்கள். முதுகில் மூட்டை சுமக்கிற ஆளைக் காட்டி, என் அண்ணன் குரலில் "முன்னாடி கட்டு." ஆமையைக் காட்டி, "முன்னாடி கட்டு." நானும் சிரித்தேன். ஆமைக்கு ரொம்பச் சிரித்தேன்.

நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். புதன்கிழமை காலை ஒருவர் வாயில் டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டபின் காத்திருந்த பத்து நிமிஷத்தில் கமெண்ட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். படமும் இல்லாமல் பேரும் இல்லாமல் ஒருவர் எழுதியிருந்தார். "அவர் சொல்வது சரி. முதுகில் தூக்கக் கூடாது. முதுகில் இருந்தால் பின்னால் என்ன நடந்தது என்று தூக்கியவனுக்குத் தெரியாது. தெரிந்தவன்தான் இப்படிச் சொல்லுவான். தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்."

அதை நான்கு தடவை படித்தேன். நாற்காலியில் இருந்தவர் உதடு மரத்துவிட்டது என்று சைகை காட்டினார், அதுகூட எனக்குப் புரியவில்லை. தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரே அண்ணன் கடைக்குப் போனேன்.

அவன் மேஜை மேல் ஒரு பெரிய கண்ணாடியைப் படுக்கப்போட்டு, அளவுகோலை வைத்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நான் போனை நீட்டினேன். படித்தான். வெட்டுகிற கருவியைக் கீழே வைத்தான். கோடு பாதியில் நின்றது. பாதியில் நிறுத்தினால் கண்ணாடி தாறுமாறாக உடையும் என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவன் அவன்தான்.

அம்மா எப்போது வருகிறாள் என்று கேட்டான். சனிக்கிழமை என்றேன். அதற்குள் இதை எடுத்துவிடு என்றான். எடுக்கிறேன், முதலில் சொல் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

குட்டியை முதலில் அவனுக்கு முன்னால்தான் கட்டியிருந்தார்கள். கை வலிக்கிறது என்று இவன் அடம்பிடித்தானாம், அதனால் முதுகுக்கு மாற்றினார்களாம். பிறகு ஒரு வெட்டவெளி. பின்னால் குண்டு விழுந்துகொண்டிருந்தது, எல்லாரும் ஓடினார்கள், இவனும் ஓடினான்.

"முதுகு சூடா நனைஞ்சுது. ஒண்ணுக்குப் போயிட்டாள்னு நெனச்சேன். சனியனே, கொஞ்சம் அடக்கிக்க முடியாதான்னு அவளைத் திட்டினேன். திட்டிக்கிட்டே ரொம்ப தூரம் ஓடினேன்."

அம்மாதான் மரத்தடியில் முடிச்சை அவிழ்த்தாள். பார்த்தாள். கத்தவில்லை. குழந்தையைப் போர்வையால் மூடி, தோளில் போட்டுக்கொண்டு, காய்ச்சல், தூங்குகிறாள், நீ நட என்றாள். அம்மாவின் மார்பில் நான், தோளில் அவள். சாயங்காலம் இரண்டு பெண்களோடு எங்கோ போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவனிடம் சொன்னாள். அவன் சட்டையை அவளே துவைத்தாள்.

"காய்ச்சல்னு நான் நம்பிட்டேன்னு அம்மா நெனச்சுக்கிட்டிருக்காங்க. முப்பத்தோரு வருஷமா அப்படியே நெனைக்க விட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. முன்னாடி இருந்திருந்தா அந்தக் குண்டுச் சில்லு எனக்குத்தான் பட்டிருக்கும்."

அப்புறம் ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அழத்தான் வாயைத் திறந்தேன். எதிர்ல போன் இருந்துச்சு. வாய் பழக்கத்துல அப்படிப் போயிடுச்சு."

அங்கேயே நின்று வீடியோவை நீக்கினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். என்னுடையதை எடுத்தேன், ஆமையை எப்படி எடுப்பது? வெட்டி விளையாடிய ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். ஒருவன் விளம்பரத்துக்காக நாடகமா என்று கேட்டான். மீதிப் பேர் பதிலே போடவில்லை. பெரியம்மா வீட்டுக்கு போன் செய்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள், சொட்டு மருந்து போடும்போது மட்டும் சண்டை போடுகிறாள் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். நடிகை வந்துவிட்டாள் என்று அண்ணி கேலி செய்தாள். அம்மா சிரித்தாள். சாப்பிட்டாள். மருந்து போடும் நேரம் வந்தபோது மகள்தான் போட வேண்டும் என்றாள். நாற்காலியில் தலையைச் சாய்த்து வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தேன். கண் சிவந்து, ரப்பை வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அழவே கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மருந்தை விட்டேன்.

அம்மாவே ஆரம்பித்தாள். பெரியம்மாவின் பேத்தி பக்கத்து அறையில் போனில் எதையோ திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாளாம்.

"கண்ணைத்தானே கட்டினாங்க, காதையுமா கட்டினாங்க?" என்றாள்.

அண்ணன் வாசல் பக்கம் போகப் பார்த்தான். நில்லுடா என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் நின்றான்.

"கை வலிக்குதுன்னு நீ சொல்லல," என்றாள் அம்மா. தலை சாய்ந்தபடியே கூரையைப் பார்த்துப் பேசினாள். "நீ இப்ப என்ன நெனச்சுக்கிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். நீ கேக்கல. முன்னாடியே இருக்கட்டும்மான்னுதான் சொன்னே. கீழ பாதை தெரியாம ரெண்டு தடவ விழுந்தே. நான்தான் முதுகுக்கு மாத்திக் கட்டினேன். என் கையாலதான் முடிச்சுப் போட்டேன்."

"இல்லம்மா. நான்தான் அடம்பிடிச்சேன்."

"நான் சொல்றேன்ல."

இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதக் குழந்தையின் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. இரண்டு பேரும் அந்தப் பழியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் விடுவதாக இல்லை. நான் மருந்துப் புட்டியை மூடவும் மறந்து நின்றேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. மருந்துதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "காய்ச்சல்னு சொல்லிட்டதால உன்கிட்ட கேக்கவே முடியல. கடைசியா அவ உன்கூடதான் இருந்தா. ஏதாவது சொன்னாளா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். திட்டியதை அவன் சொல்லவில்லை. நானும் சாகும்வரை சொல்ல மாட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. ஓடும்போது விழாம இருக்க என் காதைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. நல்லா இறுக்கிப் பிடிச்சிருந்தா. அப்புறம் விட்டுட்டா."

அம்மா கையை நீட்டினாள். அவன் அவள் காலடியில் வந்து தரையில் உட்கார்ந்தான், நாற்பத்தோரு வயது ஆள்.

"எந்தக் காது?" என்று கேட்டாள்.

அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.