ஓடுதளத்தின் கடைக்கோடியில் ஒரு வலை

அந்த விமானப்படைத் தளத்தில் அவரை எல்லாரும் மீன்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பார்த்த வேலை அப்படி. ரன்வேயின் கடைக்கோடியில் பெரிய நைலான் வலை ஒன்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். இறங்குகிற விமானத்துக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் டவரிலிருந்து குரல் வரும். லீவரைத் தள்ளினால் நாலைந்து விநாடியில் வலை எழுந்து நின்று விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்த வலையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"என்னண்ணே, இன்னைக்கு என்ன மீன்?" என்று சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது கேட்பார்கள்.

"இன்னைக்கும் பட்டினிதான். நல்ல சேதி," என்பார்.

அவருக்குத் துணை ஒரே ஒருவர். லீவருக்குப் பொறுப்பான சார்ஜென்ட் அம்மாள், இரண்டு பிள்ளைகளின் தாய். தளத்தில் அவருக்குப் பெயர் லீவர் அக்கா. தினமும் முதல் விமானம் கிளம்புமுன் இருவரும் வலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மண்டியிட்டு நகர்ந்து, ஒவ்வொரு பட்டையையும் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு தடவை தூக்கி, ஒரு தடவை இறக்குவார்கள். நோட்டில் எழுதுவார்கள்.

போர்விமானப் பிரிவில் ஒரு பெண் பைலட் இருந்தாள். இருபத்தேழு வயசு. அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். அம்மா பள்ளிச் சீருடை தைத்துப் படிக்கவைத்தார். சுறுசுறுப்பும் முன்கோபமும் சரிபாதியாக வாய்த்தவள். ஒரு நாள் காலை அவள் ஹெல்மெட் மாட்டி, இருக்கையில் ஏறி, வாரைக்கூடக் கட்டிக்கொண்ட பிறகு டவர் நிறுத்திவிட்டது. வலையில் இரண்டு பட்டை வெயிலில் வெளுத்திருக்கிறதாம். மாற்றிவிட்டுத்தான் பறக்கவிடுவேன் என்று மீன்காரர் அடம்பிடிக்கிறாராம். மூன்று மணி நேரம் போயிற்று. அதற்குள் மேகம் இறங்கி, அன்றைய பயிற்சியே ரத்தானது.

அவள் நேரே அறைக்குப் போய் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். 'இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பொருளுக்காகப் படைப்பிரிவின் பயிற்சி நிறுத்தப்படுவது' என்று தொடங்கும் புகார். மீன்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது.

பதினாறு நாள் கழித்து, காலை பத்தரை மணிக்கு, அவள் பயிற்சி முடித்துத் திரும்பினாள். சக்கரம் தரையைத் தொட்டது. பிரேக்கை மிதித்தாள்; கால் சும்மா உள்ளே போனது. பின்பக்கம் விரியவேண்டிய பாராசூட்டும் விரியவில்லை. ரன்வேக்கு அப்பால் ஒரு பள்ளம், அதைத் தாண்டி நெடுஞ்சாலை. குதித்துவிடலாம் என்றால், ஆளில்லாத விமானம் சாலையில் ஓடும் வண்டிகளுக்குள் போய்விடும்.

"பிரேக் இல்ல. வலை, வலை, வலை," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

லீவர் அக்கா அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டில் எங்கே விழுந்தது என்று பிறகும் அவருக்குத் தெரியவில்லை. வலை எழுந்தது. விமானத்தின் மூக்கு பட்டைகளுக்கு நடுவே புகுந்தது, இறக்கைகள் சிக்கின, வலையை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பக்கத்து உருளைகளும் அலறிக்கொண்டு சுழன்றன. பள்ளத்துக்கு முப்பது அடி முன்னால் எல்லாம் நின்றது.

மீன்காரர்தான் முதலில் ஏணியோடு ஓடிவந்தார். அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவள் ஏணியில் இரண்டு படியாகத் தாவி இறங்கப் பார்த்தாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்க மேடம், அவசரமே இல்ல," என்றார்.

இரண்டு நாளில் அம்மா வந்து சேர்ந்தார். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, "அந்த வலையப் போட்டவங்க யாரு? அவங்களப் பாக்கணும்," என்றார்.

"கடிதம் எழுதி அனுப்பிக்கலாம்மா."

"உயிரக் குடுத்தவங்களுக்குத் தபால்லயா நன்றி சொல்லுவாங்க? நடடி."

வலைப்பிரிவு என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெரிய தையல் மெஷின், நைலான் பட்டைச் சுருள்கள், சுவரோரம் அறுந்துபோன வலை குவியலாக. மீன்காரர் புது வலைக்குப் பட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஆட்களைப் பார்த்ததும் எழுந்தார்.

அம்மா கைகூப்பினார். "அண்ணே..." என்று தொடங்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லீவர் அக்கா ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார்.

சற்று நேரத்தில் அம்மாவின் கண் தானாகவே மெஷின் பக்கம் போனது. தைத்த பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் தையலை நெருடினார்.

"அஞ்சு வரிசை ஓட்டியிருக்கீங்க. நடுவுல குறுக்குத் தையல் வேற. ஒரு இழைகூட விலகல. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்டம்மா. கோணலாத் தைச்சா முழுசாப் பிரிச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவார்."

"நானும் அப்படித்தான்," என்று அம்மா முதல்முறையாகச் சிரித்தார். நூலின் கனம், ஊசி உடைவது, மெஷினுக்கு எண்ணெய் விடுவது என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். மகள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்க மேல புகார் எழுதினது நான்தான்."

"தெரியும் மேடம். கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சே. என் கோழிக்கிறுக்கல்ல அதுக்கு விளக்கம் எழுத வெக்கப்பட்டு இந்தக்கா கையெழுத்த இரவல் வாங்கினேன்."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் பத்து வயசுப் பிள்ளையாகிப் போனாள். "அந்தப் பட்டைய நீங்க மாத்தாம விட்டிருந்தா..." என்றாள்.

மீன்காரர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "மாத்தாட்டியும் விமானம் நின்னிருக்கலாம். நிக்காமயும் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது மேடம், யாருக்கும் தெரியாது. தெரியாததாலதான் மாத்துறோம்."

"மன்னிச்சிருங்க," என்றாள் அவள். வீட்டில்கூட அவள் வாயிலிருந்து லேசில் வராத சொல் அது என்று அம்மாவுக்குத் தெரியும்.

நெற்றிக் கீறல் ஆறி மருத்துவர் சம்மதிக்கும்வரை அவளுக்குப் பறக்கத் தடை. அந்தச் சமயத்தில் தளத்தின் வரலாற்று நூலைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். போர்விமானப் பிரிவுக்கு நாற்பது பக்கம். எரிபொருள், வானிலை, தீயணைப்பு, ரன்வே பெருக்கும் வண்டி, வலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'துணைப் பிரிவுகள்' என்று ஒன்றரைப் பக்கம். அதை நான் எழுதுகிறேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வலைப்பிரிவின் பழைய நோட்டுகளைப் படித்தாள். 'தூக்கி இறக்கப்பட்டது. சரி.' 'தூக்கி இறக்கப்பட்டது. சரி.' ஆயிரக்கணக்கான காலைகள். நடுவே ஒரு சூறாவளி நாள்: வலை பறந்துபோகாமல் இருக்க நாலு பேர் பகல் முழுக்க அதன்மேல் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அவள் புகார் எழுதிய நாளையும் தேடினாள். 'இரண்டு பட்டை வெளுப்பு. மாற்றப்பட்டது.' புகாரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவள் நோட்டை மூடி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

பிறகு மற்றப் பிரிவுகளுக்கும் போனாள். எரிபொருள் வண்டிக்காரர் தினமும் கண்ணாடிக் குடுவையில் எண்ணெயைப் பிடித்து ஒரு துளி தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதை, நாலு வருஷம் அந்தத் தளத்தில் பறந்தவள், முதல்முதலாகப் பார்த்தாள். ஒன்றரைப் பக்கம் பதினெட்டுப் பக்கமாயிற்று.

தளபதி தாள்களைப் புரட்டிவிட்டு, "இடம் பத்தாதே," என்றார்.

"எங்க பிரிவுப் பக்கத்துல குறைச்சுக்கலாம் சார். அதுல பாதி எங்க பெருமைதான்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் கொட்டகைக்கு ஒரு பார்சல் வந்தது. அம்மா அனுப்பியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த முழங்கால் உறைகள், இரண்டு ஜோடி. 'அண்ணன் கால்சட்டை முட்டி தேஞ்சிருந்தது. கான்கிரீட்டுல மண்டி போட்டா வயசான காலத்துல வலிக்கும். தங்கச்சிக்கும் ஒரு ஜோடி வச்சிருக்கேன். அளவு கண்ணால எடுத்தது, தப்பா இருந்தா திருப்பி அனுப்புங்க, பிரிச்சுத் தைக்கிறேன்' என்று கடிதம். அளவு அச்சாகப் பொருந்தியது. லீவர் அக்கா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

அவள் மறுபடி பறக்கப் போன அன்று காலை, வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகக் கிளம்பி ரன்வேயின் கடைசிக்குப் போனாள். இருவரும் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உங்களுக்கு உறை இல்லையே மேடம்," என்றார் லீவர் அக்கா.

"பரவால்லக்கா. எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க."

"கண்ணால பாக்காதீங்க. விரலால தடவுங்க. சொரசொரன்னா நிறுத்துங்க."

அவள் தடவிக்கொண்டே போனாள். பாதி தூரத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது. மீன்காரர் வந்து குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"மண்ணுதான். துடைச்சுட்டு வாங்க," என்றார்.