எதிர் நாற்காலிக்கு ஒன்று

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பேரன் பிறந்து, மனைவி மகன் வீட்டுக்கு விமானம் ஏறிய முதல் வாரத்திலேயே இரண்டு பாத்திரங்களைக் கருக்கிவிட்டார். பிறகு சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் கடைக்கு எதிர்ச்சாரியில், ஊர் ஊருக்குக் கிளை திறந்திருக்கும் ஒரு சாண்ட்விச் கடை இருந்தது. சாயங்காலம் ஷட்டரை இழுத்துச் சாத்தியதும் நேரே அங்கே போய்விடுவார்.

அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கை காட்டினால் போதும். நீள ரொட்டியைப் பிளந்து, காட்டியதை அடைத்து, மேலே சீஸைத் தூவி அடுப்புக்குள் தள்ளுவார்கள். மணி அடித்ததும் காகிதத்தில் சுற்றி நீட்டுவார்கள். பகலெல்லாம் ஊரார் முகத்தை அருகில் வைத்துப் பார்த்து, காதோர முடியை ஒதுக்கிக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் அவர். பொழுது சாய்ந்தால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஓர் ஆள் இல்லை.

வம்பு புதன்கிழமை வடிவில் வந்தது. அன்று ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம்.

"இன்னொருத்தர் வர்றாங்களா சார்?" என்று கவுண்ட்டரில் நின்ற பெண் கேட்டாள்.

பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு நின்றது. ஏன் சொன்னாரோ, "ஆமாம்மா, வீட்டுக்காரி வந்துகிட்டே இருக்கா" என்று வாயில் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணோ உபசாரத்தில் கெட்டிக்காரி. தானே மேஜைக்கு வந்து, எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்து, பக்கத்தில் காகிதத் துண்டையும் மடித்து வைத்துவிட்டுப் போனாள். அவர் தன்னுடையதை அவசரமாகத் தின்று முடித்தார். எதிரில் இருந்ததை எடுத்துப் பைக்குள் திணித்து, "பஸ் கிடைக்கலையாம்" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அடுத்த புதன், "தலைவலியாம்." அதற்கடுத்த புதன், "தையல் கடையில மாட்டிக்கிட்டா." பொய் நன்றாகவே பழகிவிட்டது. அவர் சொன்ன கணக்குக்கு மனைவி ஊரெல்லாம் சுற்றினாள், அந்த மேஜைக்கு மட்டும் வந்து சேரவில்லை. வீட்டுக்குப் போனால் போனில் அவளிடம் வேறு பொய்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சமைச்சீங்க?"

"எப்பவும் போலத்தான்."

ஒரு புதன்கிழமை நல்ல மழை. கடையில் பாதி மேஜைகள் காலி. அவர் முதல் கடி கடிக்கும்போதே போன் வந்துவிட்டது.

"என்னங்க, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றான் உங்க பையன். விசாவும் நீட்டிச்சாச்சாம். மருமகளுக்கும் வேலை ஜாஸ்தி. குழந்தையை யார்கிட்ட விடறது?"

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். குழந்தையைப் பாத்துக்கோ."

"உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

போனைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "அம்மாவா சார்? மழையில மாட்டிக்கிட்டாங்களா?" என்றாள்.

இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பு இல்லை.

"இல்லம்மா. அவ இந்த ஊர்லயே இல்ல. முதல்லேருந்தே இல்ல."

அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு எதிரில் இருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு சார். சூடு பண்ணித் தரட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா, நீ சாப்பிடு."

"ஐயோ, ஆளை விடுங்க சார்! நாள் பூரா இதே வாசனை. குளிச்சாலும் போகமாட்டேங்குது."

அவர் சிரித்துவிட்டார். தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

அவர் வேண்டாம் என்றதைக் கேளாமல் அவள் சூடாக்கிக் கொண்டுவந்தாள். மெனக்கெட்டிருக்கிறாளே என்று, பசி இல்லாவிட்டாலும் அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார். இரண்டாம் முறை உருகிய சீஸ் ரப்பராக இழுத்தது.

மழை விட்டதும், கனத்த வயிற்றோடு நடந்தபடியே மனைவிக்குப் போன் போட்டார். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

"என்னங்க? உடம்புக்கு என்ன?" என்று பதறினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தனியா உக்காந்து சாப்பிட முடியலடி. வந்துடேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கீங்க. அதையும் இப்பப் போய்க் கேக்கறீங்களே." மூக்கை உறிஞ்சும் சத்தம். "பையன்கிட்ட பேசிப் பாக்கறேன்."

பேசினாளா, தெரியாது. அடுத்த முறை போன் வந்தபோது அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"பல் முளைச்சுதா அவனுக்கு?" என்றார்.

"கீழ ரெண்டு."

"கடிக்கிறானா?"

"கையை வெச்சாப் போதும்" என்று அவள் சிரித்தாள். அவரும் கூடவே சிரித்து, போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.