ப்ராண்ட்னருக்கு ஓர் அஞ்சலி

பேராசிரியர் சிவப்பிரகாசம் ஒலிவாங்கியைப் பிடித்தபோது மங்கையர்க்கரசி குழிக்குள் குந்தியிருந்தாள். கொடகவெலப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், பாறை தெரியும்வரை தோண்டிய குழி. அடியில் பல்கலைக்கழகத்தின் பூமியதிர்வுமானி. உருளையில் சுற்றிய தாளின்மேல் பேனா கோடிழுத்துக்கொண்டிருந்தது. வரவேற்புக்கு வந்த தப்பு மேளம், பிரதியமைச்சரின் ஜீப், வெற்றிலை துப்ப எழுந்துபோன கங்காணி என்று எல்லாரும் அதில் பதிவாகியிருந்தார்கள்.

ஆற்றுக்கு அப்பால் வீதிக்காக மலை உடைக்கிறார்கள். இன்று பத்தரைக்குக் கடைசிப் பெருவெடி. முதலில் வரும் பெரிய அதிர்வு அவளுக்கு முக்கியமில்லை. அதன் பின்னால், பூமியின் ஆழத்தில் மோதித் திரும்பும் சின்ன அதிர்வைப் பிடிக்க வேண்டும். அவளுடைய ஆய்வேடே அதுதான். முந்தைய வெடியின்போது பேராசிரியர் குழியோரம் நின்று, நிலநடுக்கம் எப்படி வருமென்று ஒரு பத்திரிகைக்காரருக்குக் குதித்துக் காட்டினார். தாளில் அவர் குதித்தது மட்டுமே இருந்தது. உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. இனி வெடியும் இல்லை.

இந்தக் கருவியின் திறப்பு விழாவை வேறு நாளில் வைக்கும்படி ஆய்வுகூடத்தில் கெஞ்சிப் பார்த்தாள்.

"வெடியை வேணுமெண்டால் தள்ளி வைக்கச் சொல்லலாம், பிள்ளை. மந்திரியை எப்பிடித் தள்ளி வைக்கிறது?" என்றார் பேராசிரியர். பிறகு வெடியைத் தள்ளி வைக்கச் சொல்லவும் மறந்துவிட்டார்.

இப்போது அவர் பேச்சில் தன் குருநாதர் ப்ராண்ட்னருக்கு வந்திருந்தார். எந்தப் பேச்சானாலும் ஜெர்மனிக்கு ஒருமுறை போய்வராமல் முடிக்க மாட்டார். "போன கிழமைகூட எனக்குக் கடிதம் போட்டவர். 'சிவா, இலங்கையின்ர நிலத்தடி உன்ர கையிலதான்' எண்டு எழுதியிருந்தார்." கைதட்டியவர்கள் காலையும் தட்டினார்கள். பேனா துள்ளியது. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது கோலாட்டம்.

மங்கையர்க்கரசி குழியோரம் நின்ற தோட்டத்துக் கிளாக்கர் காளிதாஸின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். விழா அறிவிப்பாளர் அவர்தான். இழவானாலும் கட்சிக் கூட்டமானாலும் மௌன அஞ்சலி நடத்த அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரலை அப்படித் தாழ்த்த வேறு யாருக்கும் வராது.

"கிளாக்கரய்யா, ஒரு மௌன அஞ்சலி வைங்க. இப்பவே. ஒருத்தரும் கால அசைக்கக் கூடாது."

"யாரும்மா செத்தது?"

"ப்ராண்ட்னர்."

"போன கெழம கடுதாசி போட்டாருன்னு இப்பத்தானே சொன்னாரு!"

"அவரு செத்து மூணு வருஷமாச்சுங்க. லைப்ரரிக்கு வர்ற சஞ்சிகையில போட்டிருந்தாங்க. நம்ம சார் அதெல்லாம் படிக்கிறதில்ல."

துக்கம் வருவதற்கு முன்னால் காளிதாஸின் முகத்தில் வேறொன்று வந்துபோனது.

"எவ்வளவு நேரம்?"

"நான் தூக்குன கைய எறக்குற வரைக்கும்."

காளிதாஸ் மேடையேறி ஒலிவாங்கியைப் பணிவோடு வாங்கிக்கொண்டார். பேராசிரியரின் ஆருயிர்க் குரு, மறைந்த ப்ராண்ட்னர் அவர்களுக்காக எல்லாரும் எழுந்து நிற்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் உருகினார். கூட்டம் எழுந்தது. தப்பு ஓய்ந்தது. பேராசிரியரின் வாய் திறந்தபடி நின்றது. குரு இறந்தது தெரியாதென்றால் அது என்ன நெருக்கம்? தெரியுமென்றால் போன கிழமைக் கடிதம் ஏது? கூட்டத்திலேயே மிக ஆழமாகத் தலைகுனிந்தவர் அவர்தான்.

பேனா அன்றைக்கு முதல் தடவையாக நேர்க்கோடு போட்டது.

பத்தரை வந்தது, போனது. வெடி வரவில்லை. பிரதியமைச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். காளிதாஸ் அவரைவிட அதிகாரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஒரு பெண் அழவே தொடங்கிவிட்டாள். பேராசிரியர் பூனைபோல் மேடையிலிருந்து இறங்கிக் குழியோரம் வந்தார்.

"காணும் பிள்ளை, கையை இறக்கு," என்று கிசுகிசுத்தார். "என்ர அப்பாவுக்கே இவ்வளவு நேரம் நிக்கேல்லை."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்கிய கை கடுக்கத் தொடங்கியிருந்தது. மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டாள்.

பேனா எகிறியது. பிறகுதான் ஓசை வந்தது. இறப்பர் மரங்களிலிருந்து காகங்கள் கிளம்பின. தலைகள் நிமிர்ந்தன. அவள் கை இறங்கவில்லை. காளிதாஸ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். தலைகள் மறுபடி குனிந்தன.

மேடைக்குத் திரும்ப ஒரு காலைத் தூக்கிய பேராசிரியர் தாளைப் பார்த்தார். பெரிய வீச்சு அடங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் சப்பாத்து அந்தரத்தில் ஆட, மூச்சைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார். கீழே பேனாவின் முனை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு, மெல்ல அசைந்தது.