நாலாவது சட்டை

கெலெப்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கு என்றைக்குத்தான் எது புரிந்தது என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். ஆனால் இந்த முறை அவனைக் குற்றம் சொல்வது பாவம். பிள்ளை பிறந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம், அதற்குள் பெயர் முடிவாக வேண்டும். இதில் பெண்டாட்டி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். இவன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பெயர் வைப்பது அத்தையின் உரிமை. பெற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூத்த மூன்றுக்கும் கெலெப்பியின் அக்கா கலோலைனேதான் வைத்தாள். செத்துப்போன அம்மாவின் பெயரென்று மகலீட்டா, பெரியப்பாவின் பெயரென்று மனாசே, தாத்தா பிறந்த தீவின் பெயரென்று மோவாலா. எழுத்தையெல்லாம் அவள் பார்க்கவே இல்லை. மூன்றாவது பிறந்த பிறகு, மூன்றும் 'எம்' என்று கண்டுபிடித்தது கெலெப்பியின் மனைவி லூப்பே. அன்று பிடித்தது அவளுக்கு அந்த எழுத்துப் பைத்தியம்.

ஆக்லாந்தில் இருக்கும் அவள் தங்கை ஒரு பீப்பாய் நிறையச் சாமான் அனுப்பியிருந்தாள். மாவு, சோப்பு, டின் மாட்டிறைச்சி, அவற்றுக்கு மேலே நான்கு வெள்ளைச் சட்டைகள். நெஞ்சில் நீல நூலில் பெரிய 'எம்'. நாலாவது சட்டை உள்ளங்கை அகலம்கூட இல்லை என்று லூப்பே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அது இரண்டு வயதுப் பிள்ளைக்கானது.

"நாலாவதும் எம்தான். உங்க அக்காகிட்ட சொல்லிடு" என்றாள் லூப்பே.

"சொல்றேன்."

"எப்ப சொல்லுவே? புள்ளைக்குக் கல்யாணம் ஆனப்புறமா?"

"இன்னிக்கே போறேன்."

போனான். ஒரு கட்டு சேப்பங்கிழங்கோடு திரும்பி வந்தான். மறுநாள் போனான். அக்காவின் பன்றி வேலியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் இரண்டு தேங்காய், நாலாம் நாள் வெறுங்கை. அக்கா முன்னால் நின்று தம்பி இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வது எங்கள் தீவில் நடக்கிற காரியமா? அக்காவும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்ந்து சேர்ந்து சிரிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. அவள் வாசலுக்குப் போனதுமே கெலெப்பிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"கிழங்கு வாங்கியாரவா உன்ன அனுப்பினேன்?" என்று கத்தினாள் லூப்பே. "வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

வியாழக்கிழமை காலை. கெலெப்பியும் அக்கா புருஷன் தவாக்கேயும் தோட்டத்தில் வெனிலாப் பூ காய்ப்பதற்காக, ஒவ்வொரு பூவிலும் குச்சியால் மகரந்தத்தைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தவாக்கே அதிகம் பேசாத மனுஷன். நாலு கொடி தாண்டியபின் சொன்னான்:

"பேரு முடிவாயிடுச்சுப்பா. ஐசேயா."

"ஐசேயாவா?" கெலெப்பியின் கையிலிருந்த குச்சி நின்றது. "நம்ம குடும்பத்துல அப்படி யாருமே இல்லயே மச்சான். யாரு பேரு அது?"

தவாக்கே பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்களுக்குப் பொறந்தா வைக்கலாம்னு வெச்சிருந்தா. பதினாறு வருஷமா."

சொல்லிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தான். மிச்சப் பூக்களை அவர்கள் என்ன செய்தார்களோ, அந்தக் கொடிகளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, சட்டை வீணாய்ப் போச்சே என்று லூப்பே குதிப்பாள் என்றுதான் கெலெப்பி எதிர்பார்த்தான். அவள் குதிக்கவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கேக்கப் போறாங்க" என்றாள்.

"என்னத்த?"

"புள்ளையத்தான்யா! வேற என்னத்த? தனக்குன்னு எடுத்து வெச்ச பேர ஊரான் புள்ளைக்கா வைப்பாங்க?"

கெலெப்பிக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையில்லாத அத்தை தம்பி பிள்ளையைக் கேட்டு வாங்கி வளர்ப்பது புதிதா என்ன? தவாக்கேயே அவன் அத்தையிடம் வளர்ந்தவன்தான். அக்கா கேட்டால் தம்பி இல்லை என்று சொல்வதில்லை. சொன்னவனை யாரும் பார்த்ததும் இல்லை.

"அப்ப நீ சட்டைக்காக எம்மு எம்முனு கத்தல?"

"சட்டையாம் சட்ட!" அவள் குரல் உடைந்தது. "நாலும் ஒரே எழுத்துல இருந்துட்டா, நடுவுலேருந்து ஒண்ண உருவிக் குடுன்னு கேக்க யாருக்கும் மனசு வராதுன்னு நெனச்சேன். வயித்துல இருக்கறப்பவே நெனச்சேன். உனக்கு எதுதான் புரியும்?"

அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, யாருக்காகப் பயப்படுவது என்று தெரியாதது பெரிய பயமாக இருந்தது. அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கி வளர்த்தாள். அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தால் என்ன, நாலு வீடு தள்ளித்தானே என்று நினைத்தான். அடுத்த நிமிஷம் பிள்ளையின் கால் அவன் விரலில் இடித்தது. முடியாது, முடியவே முடியாது என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. பன்றிக்குப் போட வேண்டிய தேங்காயைத் தானே தின்றுகொண்டிருந்தான் என்று மகலீட்டா பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை ஐந்தாவது முறையாகப் போனான். கலோலைனே வாசலில் பாய் முடைந்துகொண்டிருந்தாள். அவன் படியில் உட்கார்ந்தான், அவளைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து.

"அக்கா. புள்ளையக் கேக்கப் போறீங்களா?"

பின்னாலே ஓலை உரசும் சத்தம் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். காது இரண்டும் சுட்டன.

"லூப்பே கேட்டுட்டு வரச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான்."

"நான் கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"நீங்க கேட்டா நான் எப்படி இல்லன்னு சொல்றது? குடுத்துடுவேன். குடுத்துட்டு..." மூக்கை உறிஞ்சினான்.

அவள் கையிலிருந்த ஓலையைப் பின்னி முடித்தாள். "வீட்டுக்குப் போடா. மழ வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? லூப்பே நூறு முறை கேட்டாள், அவனும் நூறு முறை அதையே சொன்னான். மழை வரும்னாங்க. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் மூன்று பிள்ளைகளும் கோயிலுக்கு வரும்போது எங்கள் தீவில் மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் சுற்றி, நெஞ்சில் 'எம்'மோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது சட்டையை லூப்பே எடுத்து வரவே இல்லை, பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். போதகர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, "பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

பிள்ளை கலோலைனேயின் கையில் இருந்தது. அவள் அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன் வரிசையைப் பார்த்தாள், ஒவ்வொரு சட்டையாக. போதகர் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று.

"மைக்கா" என்றாள்.

தவாக்கே சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். லூப்பேயின் நகம் கெலெப்பியின் கையில் பதிந்தது. அவன் சரியாகத்தான் கேட்டோமா என்று பக்கத்தில் இருந்தவனை வேறு கேட்டான்.

விருந்தில் பன்றி வெந்து, கிழங்கு வெந்து, எல்லாரும் தின்று தீர்த்தபின், பதிவு ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு லூப்பே தயங்கித் தயங்கி நாத்தனாரிடம் போனாள். கெலெப்பி பின்னாலேயே போனான்.

"அண்ணி, ரெண்டாவது பேரு எழுத எடம் இருக்கு. ஐசேயான்னு எழுதிடவா? எனக்கு மனசார சம்மதம் அண்ணி."

கலோலைனே சிரித்த மாதிரி இருந்தது. "வேணாம்மா. அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "அந்த நாலாவது சட்டை எங்க? மனாசே சொன்னானே, நாலு வந்துச்சுன்னு."

மகலீட்டா ஓடிப்போய் எடுத்து வந்தாள். கலோலைனே அதைப் பிள்ளைக்கு மாட்டினாள். கால் வரைக்கும் தொங்கியது. கையை மூன்று மடிப்பு மடித்து விட்டாள், 'எம்' தெரிகிற மாதிரி நெஞ்சை நீவி விட்டாள். பிறகு பிள்ளையை லூப்பேயின் கையில் கொடுத்துவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். தவாக்கே இரண்டடி பின்னால் போனான்.

கெலெப்பி நின்ற இடத்திலேயே நின்று அழுதான்.

"எதுக்குய்யா அழறே?" என்றாள் லூப்பே, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதான் நம்மகிட்டயே இருக்கானே."

"தெரியல" என்றான் அவன்.