கவை இறங்குகிறது

சிவப்பு நூல் திரும்பி மேலே ஏறவில்லை.

மரம் ஏறும் கயிற்றில், சலவைக்கடை ஜன்னலின் விளிம்புக்கு நேராக நான் கட்டிய நூல் அது. அக்கா ஏறுவதற்கு முன் நாங்கள் இருவரும் கயிற்றில் சேர்ந்து தொங்கிப் பார்ப்போம். தொங்கினால் கயிறு நீளும், நூல் இறங்கும். விட்டால் கயிறு சுருங்கும், நூல் ஜன்னல் விளிம்புக்கே வந்துவிடும். இன்று இரண்டு விரல் கீழேயே நின்றது. மறுபடி தொங்கினோம். இன்னும் இரண்டு விரல் இறங்கியது.

"முடிச்சு வழுக்குதுடி," என்றாள் அக்கா.

எங்கள் கயிறு ஒரு முனையில் அடிமரத்தில் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மேலே போய், மரம் இரண்டாகப் பிரியும் கவையைத் தாண்டி, மறுபக்கம் இறங்கும். அந்த முனையில் அக்கா. மரம் வெட்ட எங்கு போனாலும் இப்படித்தான் கட்டுவோம். ஒருமுறை மேலே குளவி கொட்டி அவள் மயங்கியபோது, அடியில் இருந்த முடிச்சைத் தளர்த்தி நான்தான் அவளைத் தரைக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு வேறு மாதிரி கட்ட அவள் சம்மதித்ததே இல்லை.

முடிச்சைப் பிரித்து எட்டு வடிவ முடிச்சாகப் போட்டு, வாலை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். தொங்கினோம். நூல் இறங்கியது. கயிறு பழசு என்று புதுக் கயிற்றை மாட்டி, நூலையும் மாற்றிக் கட்டினோம். அதுவும் இறங்கியது.

சலவைக்கடைக்காரர் பின்கதவில் வந்து நின்றார். மரத்தின் ஒரு தண்டு அவருடைய தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. கூரைக்குக் கீழே ஆட்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, காலையிலேர்ந்து ஊஞ்சலாட்டமா? சாயங்காலம் பெருங்காத்துன்னு சொல்றாங்க. அதுக்குள்ள அந்தத் தண்டு போயாகணும்."

"ஆடிப் பாத்துட்டுதான் ஏறுவோம் சார். ஆசையா இருந்தா நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்க," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரைத் தாங்கினது ஒருத்தியைத் தாங்காதா? நான் போறேன்."

ஏறத் தொடங்கிவிட்டாள்.

நான் அடிமர முடிச்சிடம் போனேன். முடிச்சு பட்டையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அக்கா காலை உதைத்து மேலே போனாள், நின்றாள், மறுபடி உதைத்தாள். முடிச்சு கோட்டைவிட்டு நகரவே இல்லை.

அப்படியானால் நகர்வது எது?

மரத்தில் உள்ளங்கையை வைத்தேன். அவள் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் உள்ளே ஏதோ அதிர்ந்தது. பழைய போர்வையை யாரோ மெதுவாக, சத்தம் வராமல் கிழிப்பதுபோல. என் கண்மட்டத்தில் பட்டையின் ஒரு மடிப்பிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளை முட்டை. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தன.

முடிச்சு நகரவில்லை. கயிறு புதுசு. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கவையே இறங்குகிறது. அது ஒரு விரல் இறங்கினால் கயிறு இருபுறமும் ஒவ்வொரு விரல் தளரும். அடிமரப் பக்கம் கட்டியிருப்பதால் அந்தத் தளர்ச்சி முழுவதும் அக்காவின் பக்கம் வந்து சேரும். இரண்டு விரல்.

கவையை இறக்குவதும் நாங்கள் கட்டிய இந்தக் கயிறுதானே என்று அடுத்துத் தோன்றியது. அக்கா ஒரு பக்கம் இழுக்கிறாள். கயிறு அவளைத் தாங்க வேண்டுமானால் மறுபக்கம் அடிமர முடிச்சும் அதே அளவு இழுத்தாக வேண்டும். கவையின்மேல் அக்காவின் எடை இரண்டு மடங்காக உட்கார்ந்திருக்கிறது. சோதனை என்ற பெயரில் நாங்கள் இருவர் தொங்கியபோதெல்லாம் நான்கு பேரின் எடையை அதன்மேல் போட்டிருக்கிறோம்.

"அக்கா, இறங்கு."

"என்னடி?"

"இறங்கிட்டுக் கேளு. உலுக்காம, குதிக்காம, மெதுவா."

அவள் கால் தரையைத் தொடும்வரை நான் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எறும்புகளைக் காட்டினேன். அவள் தொலைநோக்கியால் கவையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு தண்டுக்கும் நடுவுல பட்டை மாட்டியிருக்கு," என்றாள். "ஒட்டின மாதிரி இருக்கு. ஒட்டவே இல்ல. கறுப்பா ஒரு கோடு, கீழ வரைக்கும்."

கடைக்காரர் உள்ளே போய் இஸ்திரி ஆட்களை வெளியே கூட்டி வந்தார். காற்று லேசாக எழுந்தது. தகரக் கூரையில் இலைகள் உரசின.

இந்த மரத்துக்குக் கை எட்டும் நெருக்கத்தில், சுவரோரம் ஒற்றைத் தண்டாக இன்னொரு மரம் நின்றது. "அதுல மேலயே கட்டலாம்," என்றேன். "தண்டைச் சுத்திச் சுருக்குப் போட்டா உன் எடை ஒரு மடங்குதான் விழும்."

"மேல கட்டினா, எனக்கு ஒண்ணுன்னா நீ கீழேர்ந்து எப்படி இறக்குவே?"

"நானே ஏறி வருவேன்."

"நீயா? ஏணியில ரெண்டாம் படியிலேயே கண்ணை மூடுறவ."

"மூடிக்கிட்டே வரேன். நீதான் அங்க இருப்பியே."

அவள் சிரிக்கவில்லை. தன் பழைய இடுப்புக் கச்சையை எடுத்து எனக்கு மாட்டி, வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

இப்போது கயிறு இப்படி இருக்கிறது. மணல்பை கட்டிய மெல்லிய நூலை எறிந்து, சுவரோர மரத்தின் உச்சிக் கிளைக்கு மேலாகக் கயிற்றை ஏற்றினோம். அதன் முனையில் போட்ட வளையத்துக்குள் அதே கயிற்றை நுழைத்து இழுக்க, சுருக்கு மேலே போய்த் தண்டைக் கவ்விக்கொண்டது. பக்கத்தில் அதேபோல இரண்டாவது கயிறு, எனக்கு. அடிமரத்தில் எந்த முடிச்சும் இல்லை. அக்கா பிளந்த மரத்தோடு தன்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள். சுவரோர மரத்தில் தொங்கியபடியே கையை நீட்டி, முதலில் லாரியில் சரக்கை இறுக்கும் நாடாப் பட்டையால் இரண்டு தண்டுகளையும் கவைக்கு மேலே சேர்த்து இறுக்குவாள். அதற்குப் பிறகுதான் ரம்பம். நுனியிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக.

அக்காவின் கயிற்றில் சிவப்பு நூலைக் கட்டி இருவரும் தொங்கினோம். நூல் இறங்கியது. விட்டோம். ஜன்னல் விளிம்புக்கு நேராகத் திரும்பி வந்து நின்றது.